கர்னல் லேசியின் கல்லறை

மதியம் இரண்டு மணிக்கு மேல் தெல்மா வார்டிலின் வீட்டுக் கதவை யாரும் தட்ட மாட்டார்கள். தட்டினாலும் அவள் திறக்க மாட்டாள் என்பது ஹெதர்டன் ஊருக்கே தெரியும். அந்த நேரத்தில் தொலைக்காட்சியில் இன்ஸ்பெக்டர் டாலிமோர் வருவார். இருபத்தாறு வருடமாக வந்துகொண்டிருக்கிறார். புதுக்கதை வருடத்துக்கு நாலோ ஐந்தோதான். மற்ற நாளெல்லாம் பழையதையே சுற்றிச் சுற்றிப் போடுவார்கள். கொன்றது யார் என்பது பார்க்கிறவர்களுக்கு மனப்பாடம். இருந்தும் பார்க்கிறார்கள். முதியோர் இல்லத்தில் பார்க்கிறார்கள், பல் டாக்டரிடம் காத்திருக்கும்போது பார்க்கிறார்கள், கால் உடைந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறவர்கள் கட்டுக்கட்டாகப் பார்க்கிறார்கள்.

அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்கிற மேதாவிகள் உண்டு. இருக்கிறது. ரோஜாத் தோட்டம், பாதிரியார், கேக் போட்டி, அதற்கு நடுவில் ஒரு பிணம். மூன்றாவது பிணம் விழுந்த பிறகும் ஊரில் ஒருத்தரும் வீட்டைக் காலி பண்ண மாட்டார்கள். கேக் போட்டியைக்கூடத் தள்ளி வைக்க மாட்டார்கள். சிரிக்கலாம்தான். ஆனால் கடைசிப் பத்து நிமிடத்தில் டாலிமோர் யாரோ ஒருவர் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து, நடந்தது இதுதான் என்று சொல்லுவார். கேட்கிறவர்கள் அழுவார்கள், ஆனால் தெரிந்துகொண்டு அழுவார்கள். தெரியாமல் ஒன்றும் மிஞ்சாது. தெல்மாவுக்கு வாழ்க்கையில் கிடைக்காமல் போனது அது ஒன்றுதான்.

அவள் தங்கை ரொவீனா எங்கே போனாள் என்று அவளுக்குத் தெரியாது.

இருபத்தோரு வருடத்துக்கு முன்னால், ஒரு மே மாதம், டாலிமோர் படக்குழு ஹெதர்டனுக்கு வந்து ஒரு வாரம் தங்கியது. ஊர்ப்பலகையைக் கழற்றிவிட்டு வேறு பெயர் மாட்டினார்கள். தபால் நிலையத்தைத் தையல் கடை ஆக்கினார்கள். ஊரில் பாதிப் பேர் கூட்டத்தில் நிற்கப் போனார்கள். போகாத பாதி ஜன்னலில் நின்றார்கள். ரொவீனாவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. விவாகரத்துக்குப் பிறகு அக்கா வீட்டுப் பின்னறையில் இருந்தாள். சவ அடக்கக் காட்சியில் அவளுக்குச் சாம்பல் நிறத் தொப்பி கொடுத்துக் குழிக்கரையில் நிற்க வைத்தார்கள். கீரன் என்று விளக்குப் போடுகிற ஐரிஷ்காரன் ஒருவன். அவனோடு அவள் சிரித்துப் பேசியதை ஊரே பார்த்தது. வெள்ளிக்கிழமை மதியம் படக்குழு மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியது. சாயங்காலம் பார்த்தால் ரொவீனாவைக் காணோம். அவளுடைய சின்னப் பெட்டியையும் காணோம்.

"ஓடிட்டா" என்றது ஊர். அதோடு முடிந்தது. புகார் எழுத வந்த போலீஸ்காரர் டீயைக் குடித்துவிட்டு, வயது வந்த பெண், அவள் இஷ்டம் என்றார். விளக்குக்காரன் மட்டும் கொஞ்சம் அழகில்லாமல் இருந்திருந்தால் யாராவது தேடியிருப்பார்கள் என்று தெல்மாவுக்கு இன்றும் ஆத்திரம் வருவதுண்டு.

ஒரு கடிதம் இல்லை. கிறிஸ்துமஸ் வாழ்த்து இல்லை. அம்மாவின் அடக்கத்துக்கும் வரவில்லை. கோபமாகப் போனாளா, நான் என்ன செய்தேன் என்று தெல்மா யோசித்து யோசித்து அறுபத்தேழு வயதாகிவிட்டாள். தங்கை அசைகிற படம் என்று உலகத்தில் அவளுக்கு இருப்பது அந்த அடக்கக் காட்சி மட்டும்தான். பதினோரு நொடி. அதற்காகத்தான் இரண்டு மணிக்குக் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

பதினோரு நொடி என்றேன் அல்லவா, அதில் ஒரு கோளாறு இருந்தது.

முதல் சில வருடங்கள் ரொவீனா சவப்பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள், மற்ற எல்லாரையும் போல. பிறகு ஒரு முறை தெல்மாவுக்கு அவள் பெட்டியைப் பார்க்கவில்லை, தன் காலடியைப் பார்க்கிறாள் என்று பட்டது. கண்ணாடி மாற்றினாள். புதுக் கண்ணாடியிலும் காலடியைத்தான் பார்த்தாள். போன மார்ச்சில் ரொவீனாவின் முகவாய் கொஞ்சம் உயர்ந்திருந்தது. இந்த அக்டோபரில் அவள் கண் கேமராவுக்கு வந்துவிட்டது. தொப்பி விளிம்புக்குக் கீழிருந்து நேராகப் பார்த்தாள். தெல்மாவின் கையிலிருந்த பிஸ்கட் டீக்குள் உடைந்து விழுந்தது.

"கிளைவ், இங்க வா. இவ என்னப் பாக்குறா."

கிளைவ் அவள் கணவர். ஓய்வு பெற்ற குழாய்க்காரர், எழுபத்தோரு வயது. அந்த ஒரு கதை ஓடும்போது மட்டும் அவருக்குத் தோட்டத்தில் ஏதாவது வேலை இருக்கும். கதவோரம் நின்று கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரே பிலிம்தானம்மா இருபது வருஷமா. அது எப்படி மாறும்?"

"மாறியிருக்கு."

"டாக்டரப் பாக்கலாமா?"

"கண்ணுக்கா, மண்டைக்கா?"

"எதுக்கு வேணும்னாலும்" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனார். கெட்டவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. தேவாலயத் தோட்டத்தைக் காசு வாங்காமல் இருபத்தைந்து வருடமாகப் பார்த்துக்கொள்கிறவர். புல் வெட்டுவார், சாய்ந்த கல்லறைக் கல்லை நிமிர்த்துவார். இவர்கள் வீட்டுப் பின்கதவைத் திறந்தால் தேவாலயச் சுவர்தான். படக்குழு விட்டுப்போன அந்தப் பொய்க் கல்லறையையும் அவர்தான் பராமரிக்கிறார்.

அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். கதையில் கொலையாகிறவர் கர்னல் ஹியூபர்ட் லேசி. அவரை அடக்கம் பண்ணுகிற காட்சியைத் தேவாலயத் தோட்டத்தின் வடக்கு மூலையில் எடுத்தார்கள். அந்த மூலையில் முழங்கால் ஆழத்திலேயே பாறை வந்துவிடும், ஊர்ப் பிணம் எதுவும் அங்கே கிடையாது, அதனால்தான் படக்காரர்களுக்குக் கொடுத்தார்கள். தெர்மோகோலில் செய்து சாயம் பூசிய நடுகல்லை அவர்கள் விட்டுவிட்டுப் போனார்கள். ரசிகர்கள் அதைத் தேடி வர ஆரம்பித்தார்கள். இரண்டு குளிர்காலத்தில் தெர்மோகோல் பொடிந்து போனதும், கிளைவ் தன் கைக்காசைப் போட்டு நிஜக் கல்லிலேயே ஒன்று செதுக்கி நட்டார். இன்று மாதம் ஒரு பஸ் வருகிறது. இல்லாத கர்னலுக்கு ஜனங்கள் பூ வைக்கிறார்கள், பக்கத்தில் படுத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். தரை வருடா வருடம் கொஞ்சம் உள்வாங்கும். படக்காரன்கள் எதையும் ஒழுங்காக மூட மாட்டான்கள் என்று திட்டிக்கொண்டே கிளைவ் வசந்தத்தில் மண் போட்டு நிரவுவார். ஊரும் கூடச் சேர்ந்து திட்டும்.

நவம்பர் முதல் சனிக்கிழமை பஸ் வந்தது. நாற்பது பேர். ஊர்க்கூடத்தில் அவர்களுக்கு டீயும் ஸ்கோன் என்கிற குட்டி ரொட்டியும் கொடுப்பது தெல்மாவின் பொறுப்பு. மூலையில் பெரிய தொலைக்காட்சி வைத்து, ஹெதர்டனில் எடுத்த அந்தக் கதையையே ஓடவிட்டிருந்தார்கள். இந்த முறை பஸ்ஸோடு ஒரு விருந்தாளியும் வந்திருந்தார். பிலிப்பா கோல், எண்பதை நெருங்குகிறவர், ஒல்லி, காதில் கருவி. பதினாறு வருடம் டாலிமோரில் வேலை பார்த்தவர். ஒரு காட்சியை ஐந்து தடவை எடுத்தால், முதல் தடவை கோப்பை எந்தக் கையில் இருந்ததோ ஐந்தாவது தடவையும் அந்தக் கையில்தான் இருக்க வேண்டும். அதைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக் குறித்து வைப்பது அவர் வேலை. குறிப்பும் புகைப்படமும் அடைத்த தடிமனான கோப்பு ஒன்றை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தெல்மா அவருக்கு டீ ஊற்றினாள். "கல்லறையப் போய்ப் பாத்தீங்களா? இன்னும் உள்வாங்கிக்கிட்டுத்தான் இருக்கு. தப்பா எடுத்துக்காதீங்க, உங்க ஆளுங்க தோண்டுனாங்களே ஒழிய சரியா மூடல."

"எந்த ஆளுங்க?"

"படக்காரங்கதான்."

"நாங்க தோண்டவே இல்லையேம்மா."

தெல்மா சிரித்தாள். வயதானவர், மறந்திருப்பார்.

பிலிப்பாவுக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை. மறதி என்ற பேச்சை எடுத்தாலே அவருக்கு மூக்கு விடைக்கும். "தேவாலயத்து மண்ணுல ஒரு கரண்டி எடுக்கணும்னாலும் பிஷப் ஆபீஸ்லேருந்து தாள் வரணும். எங்களுக்குத் தர மாட்டேன்னுட்டாங்க. எந்த ஊர்லயும் தர மாட்டாங்க. அதனால நாங்க எப்பவுமே தோண்டறதில்ல. புல்லு மேலயே பலகையில ஒரு பெட்டி கட்டுவோம், இடுப்பு உயரம். சுத்தி மண்ணக் குவிப்போம், அந்த மண்ணும் கடையில வாங்குனது. ஜனங்கள மேடை மேல ஏத்தி நிறுத்திட்டா கேமராவுல குழி மாதிரியே இருக்கும். இந்தாங்க, பாருங்க."

கோப்பைப் புரட்டி ஒரு புகைப்படத்தைத் தள்ளினார். வடக்கு மூலைதான். பலகைப் பெட்டி, சாக்கு மூட்டைகள். பெட்டிக்கு அடியில் புல் கசங்காமல் இருந்தது. அதில் டெய்சிப் பூக்கள்கூட இருந்தன.

"அப்ப இதை யாரு பிரிச்சது?"

"உங்க ஊர்க்காரர் ஒருத்தர்தான். மழை வர்ற மாதிரி இருந்துது, எங்களுக்கு அடுத்த ஊருக்கு ஓடணும். நீங்க கிளம்புங்க, நான் பாத்துக்கறேன்னார். நல்ல மனுஷன், தள்ளுவண்டிகூட அவரோடதுதான். எழுதி வெச்சிருப்பேன்." விரலை வைத்துத் தேடிப் படித்தார். "வெள்ளிக்கிழமை. பெட்டி, மண், அகற்றுபவர் தேவாலயத் தோட்டக்காரர், கிளைவ் வார்டில்."

ஊர்க்கூடத்தில் நாற்பது பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். தெல்மாவின் காதில் அது தூரத்தில் கேட்டது.

"கீரன்னு ஒருத்தன் இருந்தானே. விளக்குப் போடுறவன்."

"ஓ, கீரனா. அன்னிக்கு என் காருலதான் வந்தான். வழி பூரா அவன் பொண்டாட்டிக்கு என்ன வாங்கிட்டுப் போறதுன்னே புலம்பிக்கிட்டு வந்தான்."

"கூட யாராவது?"

"யாரு? என் காரு குட்டிக் காரு. அவன் காலு மடக்கவே எடமில்ல."

அந்த நேரத்தில் தொலைக்காட்சியில் தேவாலய மணி அடித்தது. அடக்கக் காட்சி. தெல்மா பழக்கத்தில் எண்ணத் தொடங்கினாள். பாதிரியார் கையை உயர்த்தினார், பெட்டி இறங்கியது, கேமரா முகம் முகமாக நகர்ந்து சாம்பல் தொப்பிக்கு வந்தது. ரொவீனா நேராகப் பார்த்தாள்.

பிலிப்பாவின் கை கோப்பின் மேல் நின்றுவிட்டது. "யாரு அந்தத் தொப்பி?"

"என் தங்கச்சி."

"இல்ல, இது..." பிலிப்பா அவசரமாகப் பக்கத்தைப் புரட்டினார். அவர் கையெழுத்திலேயே இருந்தது: சாம்பல் தொப்பி, பார்வை சவப்பெட்டி மேல், கடைசி வரை. "கூட்டத்துல நிக்கிறவங்க கேமராவப் பாக்கக் கூடாது. பாத்தா அந்த ஷாட்டே வேஸ்ட்டு. நான் இத விட்டிருக்கவே மாட்டேன். சத்தியமா விட்டிருக்க மாட்டேன்."

ஒன்பது, பத்து, பதினொன்று. பதினொன்றில் காட்சி வெட்டி டாலிமோரின் காருக்குப் போக வேண்டும். போகவில்லை. பன்னிரண்டு. பாதிரியாரின் கை தூக்கியபடியே நின்றது. பதின்மூன்று. கூட்டத்தில் ஒருத்தரும் அசையவில்லை, ரொவீனாவைத் தவிர. அவள் கேமராவிலிருந்து கண்ணை எடுத்து மெல்லக் குனிந்து தன் காலுக்குக் கீழே பார்த்தாள். பிறகு நிமிர்ந்து மறுபடி தெல்மாவைப் பார்த்தாள். பொறுமை இழந்தவள் பார்க்கிற பார்வை. சின்ன வயதில் இவள் கணக்குச் சொல்லிக் கொடுக்கும்போது தெல்மா புரியாமல் உட்கார்ந்திருந்தால் அப்படித்தான் பார்ப்பாள். அக்காவுக்குத்தான் கணக்கு வராது, தங்கைக்கு அல்ல.

இருபதில் கார் வந்தது. டாலிமோர் கதவைச் சாத்தினார். ஸ்கோனுக்கு இன்னும் ஜாம் வேண்டும் என்று யாரோ கேட்டார்கள். நாற்பது பேரில் ஒருத்தரும் ஒன்றும் கவனிக்கவில்லை.

"இருபது" என்றார் பிலிப்பா. முகம் வெளுத்திருந்தது. "நீங்களும் எண்ணுனீங்களா?"

தெல்மா ஏப்ரனைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு வெளியே நடந்தாள்.

கிளைவ் சமையலறையில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை சீக்கிரம் சாப்பிடுவார்கள்.

"ரொவீனா எங்க, கிளைவ்?"

தோல் அறுபடாமல் நீளமாக இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அதை முடித்தார். "ஹால்ல அந்தக் கதையப் போட்டாங்களா?"

"படக்காரங்க தோண்டவே இல்லையாம். தள்ளுவண்டி உன்னோடதாம்."

கத்தியை வைத்தார். கையைக் கழுவினார், ஒவ்வொரு விரலாகத் துடைத்தார், துண்டை மறுபடி கம்பியில் நேராக மாட்டினார். தெல்மா அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். இல்லை என்று சொல்லிவிடு என்று மனசு கெஞ்சியது. நாற்பத்துநாலு வருடம் கூட வாழ்ந்தவர்.

"அவ போறேன்னா" என்றார் கிளைவ். "அந்த ஐரிஷ்காரனோட இல்ல, தனியா. போறதுக்கு முன்னாடி எங்க ரெண்டு பேரையும் பத்தி உங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போவேன்னா. ஒரு வருஷமா நடந்துது, தெல்மா. அவளுக்கு மனசு உறுத்துச்சாம். நான் தள்ளினேன். அடுப்பு முனையில விழுந்தா. ரெண்டு நிமிஷம்கூட ஆகல."

"நான் எங்க இருந்தேன்?"

"படக்காரங்களுக்கு சாண்ட்விச் கட்டிக் குடுத்துக்கிட்டிருந்த. அவங்க கிளம்புனதும் பலகைய ஏத்தப் போன வண்டியிலயே... அவ துணிப் பெட்டியையும் வெச்சு மேல தார்ப்பாய் போட்டேன். பட்டப்பகல். பாதிரியார் எதிர்ல வந்தார். 'உன்ன மாதிரி நாலு பேர் வேணும்பா இந்த ஊருக்கு'ன்னு சொல்லிட்டுப் போனார்."

இனி அவனுக்கு மரியாதை எதற்கு. அதைச் சொல்லும்போது அவன் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அதை இந்தக் கதை சொல்கிறவனால் மன்னிக்க முடியவில்லை. தெல்மாவுக்கு அழுகை வரவில்லை. பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா சாகறப்ப அவளைக் கேட்டுக்கிட்டே செத்தா. நீ பக்கத்துல உக்காந்து கையப் பிடிச்சிக்கிட்டிருந்த."

"ஆமா" என்றான்.

"போலீஸக் கூப்பிடப் போறேன்."

"கூப்பிடு." போனை அவனே எடுத்து அவள் பக்கம் நகர்த்தினான்.

எடுத்தது ஒரு இளைஞனின் குரல். தெல்மா பெயர், ஊர் சொன்னாள். என் தங்கையைக் கொன்று புதைத்திருக்கிறார்கள், இடம் தெரியும் என்றாள்.

"எந்த இடம்மா?"

"தேவாலயத் தோட்டம். வடக்கு மூலை. கர்னல் லேசின்னு ஒரு கல்லு இருக்கும், அதுக்குக் கீழ."

அந்தப் பக்கம் குரல் இளகியது. "இன்னிக்கு பஸ் வந்திருக்காம்மா?"

"வந்திருக்கு. அது வேற, நான் இந்த ஊர்க்காரி—"

"இந்த வருஷத்துல நீங்க ஆறாவது ஆளு. போன தடவை ஒருத்தர், கர்னலுக்கு விஷம் வெச்சது மருமகதான்னு அழுதுக்கிட்டே புகார் குடுத்தார். எங்க அம்மாவும் டாலிமோர் பைத்தியம்தான், நான் தப்பாச் சொல்லல. ஆனா இந்த லைன் நிஜமா அடிபட்டவங்களுக்கு."

"அவ பேரு ரொவீனா. இருபத்தோரு வருஷம் முன்னாடி புகார் குடுத்திருக்கேன். குறிச்சிக்கங்க."

"குறிச்சிக்கிட்டேன்மா. திங்கக்கிழமை யாராவது பேசுவாங்க. ஒரு டீ குடிங்க."

தெல்மா போனை வைத்தாள்.

"சிரிச்சானா?" என்று கேட்டான் கிளைவ்.

அவன் கண் ஜன்னல் வழியாகத் தோட்டக் கொட்டகைக்குப் போய்த் திரும்பியதைப் பார்த்தாள். திங்கட்கிழமை. இடையில் ஒரு ராத்திரி, ஒரு ஞாயிறு, இன்னொரு ராத்திரி. தேவாலயத் தோட்டத்தில் அவன் மண்வெட்டியோடு நிற்பதைப் பார்த்து யார் என்ன கேட்கப் போகிறார்கள். நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். திங்கட்கிழமை வந்து பார்த்தால் அங்கே பாறை மட்டும்தான் இருக்கும். மண்டை கலங்கிய கிழவி என்று தன்னையும், ஓடிப்போனவள் என்று அவளையும் ஊர் சாகும்வரை சொல்லும்.

தெல்மா கொட்டகைக்குப் போய் அவனுடைய மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறந்தாள்.

பஸ்காரர்கள் டீ முடிந்து கல்லறைக்கு வந்துவிட்டிருந்தார்கள். மூன்றரை மணி, வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. கல்லுக்கு முன்னால் புல்லில் ஒரு பருத்த அம்மாள் கையைக் கட்டிக்கொண்டு செத்தவள் மாதிரி படுத்திருக்க, மற்றவர்கள் படம் எடுத்தார்கள். அவள் லீட்ஸிலிருந்து வந்த டோரீன். சிரிப்பை அடக்க முடியாமல் அவள் வயிறு குலுங்கியது.

"எந்திரிங்க" என்றாள் தெல்மா.

டோரீன் எழுந்தாள். தெல்மா மண்வெட்டியை ஊன்றி மிதித்தாள். கர்னலுக்கு வைத்த பூவெல்லாம் புல்லோடு சேர்ந்து புரண்டது. பின்னாலிருந்து யாரோ, "இதுவும் டிக்கெட்டுல சேர்த்தியா?" என்று கேட்டார். சிரித்தார்கள். "டீ குடுத்த அம்மாதானே இவங்க? பிரமாதமா பண்றாங்க." கை தட்டினார்கள். நாற்பது போன்கள் உயர்ந்தன.

தெல்மா தோண்டினாள். வருடா வருடம் போட்டு நிரவிய மண், மழை நனைத்த மண், சுலபமாக வந்தது. ஆனால் அறுபத்தேழு வயது முதுகு. ஒரு சாண் போவதற்குள் மூச்சு இரைத்தது. யாராவது நிஜமென்று நம்புங்களேன் என்று சொல்ல வாயெடுத்தாள், சொன்னால் அதற்கும் கை தட்டுவார்கள் என்று தோன்றி வாயை மூடிக்கொண்டாள். கூட்டத்துக்குப் பின்னால் பிலிப்பா கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் கிளைவ் வந்து நின்றான். வீட்டில் கழற்றிய மேல்சட்டையைப் போட்டுப் பொத்தானெல்லாம் மாட்டியிருந்தான்.

"குடு கண்ணு, கொஞ்ச நேரம் நான் பண்றேன்" என்று டோரீன் குழிக்குள் இறங்கினாள். "எங்கப்பா சுரங்கத்துல இருந்தவரு. எனக்கு ரத்தத்துலயே இருக்கு."

டோரீன் தோண்டுவதைப் பார்க்க ஆட்டமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் கூட்டம் எண்ணியது. முழங்கால் அளவுக்கு ஆழம் போயிற்று. தெல்மா விளிம்பில் உட்கார்ந்து மண் கட்டிகளைக் கையால் ஒதுக்கினாள். கல்லுக்கு எதிர்ப்பக்கம், கால்மாட்டில், டோரீன் மண்வெட்டியைத் தலைக்கு மேல் ஓங்கினாள்.

"அங்க வேண்டாம்" என்றது ஒரு குரல். உரக்கச் சொல்லவில்லை, செடிக்குத் தண்ணீர் ஊற்றத் தெரியாத ஒருத்தருக்கு எடுத்துச் சொல்கிற குரல். "மெதுவா. அந்தப் பக்கம்தான் தலை இருக்கு."

டோரீனின் கை மேலேயே நின்றது. எல்லாரும் திரும்பிக் கிளைவைப் பார்த்தார்கள், போன்களும் கூடவே திரும்பின. தான் சொன்னது அவனுக்கே இப்போதுதான் காதில் விழுந்தது போலிருந்தது. பின்வரிசையில் இரண்டு பேர் இன்னும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். முன்வரிசை அமைதியானது அவர்களுக்கு எட்டக் கொஞ்ச நேரம் ஆயிற்று, பிறகு அதுவும் நின்றது.

டோரீன் மண்வெட்டியை மெல்லக் கீழே வைத்தாள். காலடியில் மண்ணுக்கு வெளியே தெரிந்த எலும்பைக் குனிந்து பார்த்தாள். "கண்ணு" என்றாள், தெல்மாவிடம், குழந்தையிடம் பேசுகிற மாதிரி. "இது... இது நீங்க வெச்சதில்லையே?"

"இல்ல."

டோரீன் குழியிலிருந்து ஏறிக் கூட்டத்துக்குள் போய் யாருடைய தோளிலோ முகத்தை வைத்துக்கொண்டாள். யாரோ ஒரு ஆள் போலீஸைக் கூப்பிட்டு, இல்லை ஐயா, விளையாட்டு இல்லை, அவனே சொன்னான், எங்க எல்லார்கிட்டயும் பதிவாகியிருக்கு என்று திரும்பத் திரும்பச் சொல்வது கேட்டது. கிளைவ் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. பிலிப்பா அவனுடைய கையைப் பிடித்திருந்தார்.

தெல்மா குழிக்குள் இறங்கிக் கால்மாட்டுப் பக்கம் மண்டியிட்டாள். உள்ளங்கையால் மண்ணைத் தள்ளினாள், கொஞ்சம் கொஞ்சமாக, வலிக்கக் கூடாது என்பது போல.

"வந்துட்டேன்டி" என்றாள். "கோவமாப் போயிட்டன்னு நெனச்சேன். இத்தன வருஷமும் அப்படியே நெனச்சிக்கிட்டிருந்தேன்டி."